வலையும் ஊரும்: கணினிவழி உறவாடலின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஊர் என்பது நிலத்தினதும் வீடுகளினதும் தொகுதி மாத்திரமன்று. ஒருவரையொருவர் அறிந்தோர் வாழும் இடமே, ஒருவர் இன்று கூறிய சொல்லை மற்றவர் நாளையும் நினைவில் வைத்திருக்கும் இடமே ஊராகும். சந்தை, கோயில் வீதி, கிணற்றடி, வாசிகசாலை என்பன ஊரவர் கூடும் இடங்களாகவும் செய்தி பரிமாறும் நிலையங்களாகவும் நெடுங்காலம் விளங்கிவந்துள்ளன. இவற்றுள் வாசிகசாலை சிறப்பாக நோக்கத்தக்கது. தொலைவிலிருந்து வந்த செய்தித்தாளை ஒருவர் உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டும் விவாதித்தும் இருந்த வேளையில் உலகச் செய்தி ஊர்ச் செய்தியாக மாறிற்று. அம்மாற்றத்துக்குச் செய்தித்தாள் எவ்வளவு காரணமாயிற்றோ, நாள்தோறும் கதவைத் திறந்து, தாள்களை அடுக்கி, சச்சரவு எழுந்தபோது விலக்குப்பிடித்த பொறுப்பாளரும் அவ்வளவு காரணமாயினார்.

கணினி வலையமைப்பு மனித உறவுகளுக்கு யாது செய்தது என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. மின்னியல் தொடர்பு உலகத்தையே ஒரு கிராமமாக்கும் என்பது 1962ஆம் ஆண்டில் மார்ஷல் மக்லூகன் வெளியிட்ட நூலோடு பரவிய கருத்தாகும். அயலவனை மறக்கச்செய்து மனிதனைத் திரையின் முன்னே தனித்திருக்க வைக்கும் என்பது அதற்கு எதிரான கருத்தாகும். இவ்விரண்டும் கருவியையே முதன்மைப்படுத்துவன. கடந்த அரை நூற்றாண்டுக்கால நிகழ்ச்சிகளை நிரல்பட நோக்குமிடத்து, வலைக்கும் ஊருக்கும் இடையே நின்று இரண்டையும் பிணைத்த மனிதரே விளைவைத் தீர்மானித்தனர் என்பது புலனாகின்றது. வாசிகசாலைப் பொறுப்பாளரை ஒத்த இவர்களைப் பேணுநர் எனக் கூறலாம். இவர்களின் பணியையும், இவர்கள் இல்லாதவிடத்து நேர்ந்தவற்றையும் சில வரலாற்று நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேர்க்லியின் படிக்கட்டு

ஐக்கிய அமெரிக்காவிலே ஆய்வுநிலையங்களின் கணினிகளை இணைக்கும் ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பு 1969இல் இயங்கத் தொடங்கிற்று. அது பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியில் வளர்ந்தது. பொதுமக்களுக்கு அதிலே இடமிருக்கவில்லை. பொதுமக்களுக்கெனக் கணினியைத் திறந்துவிட்ட முதன் முயற்சிகளுள் ஒன்று 1973 ஓகஸ்டில், கலிபோர்ணியா மாநிலத்துப் பேர்க்லி நகரில் நிகழ்ந்தது. ‘சமுதாய நினைவு’ எனப் பொருள்படும் பெயரைக் கொண்ட அம்முயற்சியை லீ பெல்சென்ஸ்ரைன், எப்ரெம் லிப்கின், மார்க் ஷ்பகோவ்ஸ்கி முதலியோர் நடத்தினர்.

மாணவர் பெரிதும் நாடிய லியோபோல்ட்ஸ் என்னும் இசைத்தட்டுக் கடையின் படிக்கட்டின் மேலே, இசைக்கலைஞர்கள் காகிதத் துண்டுகளைக் குத்திவைக்கும் பலகைக்கு அண்மையில், ஒரு தொலைத்தட்டச்சுப்பொறி வைக்கப்பட்டது. அது தொலைபேசிக் கம்பி வழியாக சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பெருங்கணினியுடன் இணைக்கப்பட்டிருந்தது. ஒரு செக்கனுக்குப் பத்து எழுத்துகளே அதனூடு சென்றன. பொறியின் இரைச்சலை அடக்குவதற்காக அதனை ஒரு மட்டைப் பெட்டியினுள் அடைத்து, கைகளை நுழைப்பதற்குத் துளைகளும் பார்ப்பதற்கு ஒரு சாளரமும் அமைத்தனர். செய்தியைச் சேர்க்க ஒரு கட்டளை. தேடுவதற்கு மற்றொரு கட்டளை. அக்காலத்தில் கணினி என்பது அரசினதும் பெருவணிகத்தினதும் படைக்கலம் என்றே இளைஞர் பலர் எண்ணியிருந்தனர். ஆதலின் எதிர்ப்பு எழும் என்றே அமைப்பாளர்கள் எதிர்பார்த்தனர். நிகழ்ந்ததோ அதற்கு மாறானது.

இசைக்குழுவுக்கு ஆள் தேடியோர் அதனைப் பயன்படுத்தினர். கவிதை எழுதிவைத்தோரும் இருந்தனர். அப்பிரதேசத்தில் நல்ல பேகல் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் வினவ, கடைகளின் பெயர்கள் சில விடையாகக் கிடைத்தன. அவற்றோடு, முன்பு வெதுப்பகத்தில் தொழில் செய்த ஒருவர் அதனைச் செய்யவே கற்றுத்தருவார் என்னும் விடையும் வந்தது. வலை ஓர் அயலவனின் வீட்டுக்கு வழிகாட்டிற்று என்பதே இந்நிகழ்ச்சியின் சிறப்பாகும்.

பொறியருகே எப்பொழுதும் ஒருவர் அமர்ந்திருந்தமை ஈண்டுக் கருதற்பாலது. படியேறி வருவோரை அழைத்து, விரல் வைக்கும் இடத்தைக் காட்டி, முதற் சொல்லை எழுதச்செய்வது அவர் கடமை. முதற் பரிசோதனை 1975இன் தொடக்கத்தில் முடிவுற்றது. பின்னர் 1980களில் நாணயமிட்டு இயக்கும் பொறிகளுடன் அது மீண்டும் தோன்றியது. அப்பொழுது வாசித்தல் இலவசம். ஒரு கருத்தை எழுதுவதற்கு 25 சதம். புதிய விவாதமொன்றைத் தொடங்குவதற்கு ஒரு டொலர். கேட்பது எளிதாகவும், புதுப்பேச்சுத் தொடங்குவது சற்றே சிந்தனைக்குரியதாகவும் இருக்கவேண்டும் என்னும் ஊர்வழக்கு அக்கட்டணத்திலே உறைந்திருந்தது எனலாம்.

தொலைபேசிக் கட்டணம் வரைந்த எல்லை

பேர்க்லியில் ஒரு படிக்கட்டில் நிகழ்ந்தது, தனியாள் கணினியின் வரவோடு வீடுகளுக்குள் நுழைந்தது. 1978 சனவரியில் பெரும் பனிப்புயல் சிக்காக்கோ நகரை முடக்கியவேளை, வாட் கிறிஸ்ரென்சன், ரண்டி சூஸ் ஆகிய இருவரும் தம் கணினிக் கழகத்தவருக்கென ஒரு மின் அறிவித்தற் பலகையை அமைக்க முற்பட்டனர். அது அவ்வாண்டு பெப்ரவரி 16ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. தொலைபேசி வாயிலாக ஒரு நேரத்தில் ஒருவரே அதனுள் நுழைந்து, செய்தி எழுதிவைத்து வெளியேறலாம்.

இப்பலகைகள் அமெரிக்க நகரங்களில் விரைவாகப் பெருகின. அவற்றின் எல்லையை வகுத்தது தொலைபேசிக் கட்டணமாகும். ஊரெல்லைக்குள் அழைப்போர்க்குப் பெரும்பாலும் மாதாந்த நிலைக்கட்டணமே அறவிடப்பட்டது. தொலைதூர அழைப்புக்கோ நிமிடந்தோறும் பணம் செலவாயிற்று. ஆதலின் ஒரு பலகையிற் கூடியோர் பெரும்பாலும் ஒரே நகரத்தவராயினர். எழுத்தால் அறிமுகமானோர் மாலையில் உணவகத்தில் நேரிற் சந்திப்பது எளிதாயிற்று.

1984இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ரொம் ஜெனிங்ஸ், இப்பலகைகள் கட்டணங் குறைந்த நள்ளிரவு வேளையில் ஒன்றையொன்று தாமே அழைத்துக் கடிதம் கைமாற்றும் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினார். பைடோநெற் எனப்பட்ட அவ்வொழுங்கில் 1990களின் நடுப்பகுதியில் 30,000க்கும் மேற்பட்ட நிலையங்கள் இணைந்திருந்தன. ஒவ்வொரு நிலையமும் ஒருவரின் வீட்டறையில், அவர் வாங்கிய கணினியில், அவர் செலுத்திய தொலைபேசிக் கட்டணத்தில் இயங்கிற்று. பலகையை நடத்துபவர் தம்மிடம் வருவோரை அறிந்திருந்தார், வரம்பு மீறியவரை எச்சரித்தார், தேவையாயின் விலக்கினார். அவர் எப்பொழுதும் நீதியாகவே நடந்தார் எனக் கூறுதற்கில்லை. ஆயினும் அவர் யார், எங்கே வாழ்பவர் என்பது யாவர்க்குந் தெரிந்திருந்தது. முறையிடுவதற்கு ஒரு முகம் இருந்தது.

1985இல் சோசலிற்றோவில் தொடங்கப்பட்ட வெல் என்னும் அமைப்பும் இத்தகையதே. அதன் உறுப்பினர்கள் அமைப்பின் அலுவலகத்திற் கூடி விருந்துண்ணும் வழக்கத்தை மேற்கொண்டிருந்தனர். ஹவாட் றைன்கோல்ட் தமது அனுபவங்களைக் கொண்டு 1993இல் எழுதிய நூல், கணினிவழிச் சமுதாயம் என்னும் கருத்தை உலகறியச் செய்தது. திரையிற் பிறந்த நட்பு நேரிற் சந்தித்தலாலே உறுதிபெற்றமையை அந்நூல் விரிவாக எடுத்துக்காட்டுகின்றது.

அம்ஸ்ரடாமின் எண்ணிம நகரம்

தனியாரின் வீட்டறையில் நிகழ்ந்த முயற்சியை ஒரு நகரமே மேற்கொண்டமைக்கு ஒல்லாந்து நாட்டின் தலைநகரம் எடுத்துக்காட்டாகும். 1994 சனவரி 15ஆம் நாள் அம்ஸ்ரடாமில் ‘எண்ணிம நகரம்’ திறக்கப்பட்டது. டி பாலி என்னும் பண்பாட்டு நிலையத்தாரும் கணினி ஆர்வலரும் சேர்ந்து, அவ்வாண்டு மார்ச்சில் நிகழவிருந்த நகரசபைத் தேர்தலை ஒட்டிப் பத்து வாரப் பரிசோதனையாக அதனைத் தொடங்கினர். நகரசபையும் நிதியுதவி வழங்கியது. வாக்காளர் அரசியலாளருடன் நேரடியாக உரையாடவேண்டும் என்பது நோக்கம். ஆனால் மக்களோ அரசியலாளரைக் காட்டிலும் ஒருவரோடொருவர் உரையாடுவதிலேயே மிகுந்த ஊக்கங் காட்டினர். இருபது தொலைபேசி இணைப்புகளும் ஓய்வின்றி இயங்கின. பரிசோதனையை நிறுத்த இயலாது போயிற்று.

அவ்வமைப்பு நகரத்தின் உருவத்தையே தனக்கு உவமையாகக் கொண்டது. அதிலே சதுக்கங்கள் இருந்தன. சதுக்கங்களைச் சூழக் குடிமக்களின் ‘வீடுகள்’ இருந்தன. தனியொரு வணிகன் அங்கே அரசனாக இருக்கவில்லை. பொறுப்பாக நின்ற மர்லேன் ஸ்ரிக்கர் ‘நகர முதல்வர்’ என அழைக்கப்பட்டார். வீட்டிற் கணினி இல்லாதோர்க்காகப் பொது இடங்களிலே முனையங்கள் வைக்கப்பட்டன.

இந்நகரத்தின் வீழ்ச்சியும் அதன் எழுச்சியைப் போன்றே படிப்பினை தருவதாகும். தொடக்கத்திற் கிடைத்த பொதுநிதி நிலைக்கவில்லை. இணைய இணைப்பை வணிக நிறுவனங்கள் மலிவாக வழங்கத் தொடங்கியதும், இணைப்புக்காக வந்தோர் வேறிடம் நாடினர். நிருவாகத்தினர் அதனை வணிக நிறுவனமாக மாற்ற முற்பட்டனர். தாம் குடிமக்கள் என நம்பியிருந்தோர் வாடிக்கையாளராக எண்ணப்பட்டனர். 2001ஆம் ஆண்டளவில் அச்சமுதாயம் கலைந்தது. அதன் உருவம் முற்றாக அழிந்துவிடாது காக்கும் பொருட்டு, 2011 முதல் அம்ஸ்ரடாம் அரும்பொருட்காட்சியகத்தார் பழைய நாடாக்களையும் கணினிகளையும் தேடிச் சேர்க்கத் தொடங்கினர். பத்தாண்டுகளுக்கு முன்னர் மக்கள் வாழ்ந்த ‘நகரம்’ தொல்லியலாளரின் ஆய்வுப்பொருளாயிற்று.

கொத்மலையின் வானொலி

மேலைநாட்டு முயற்சிகள் தொலைபேசியும் கணினியும் மலிந்த நகரங்களில் எழுந்தன. அவை இரண்டும் அரிதாயிருந்த மலைநாட்டுக் கிராமங்களில் வலையை ஊரோடு பிணைத்த முயற்சியொன்று இலங்கையிலேயே நிகழ்ந்துள்ளது. மகாவலித் திட்டத்தோடு தொடர்புற்ற சமுதாய வானொலிச் சேவையின் ஓர் அங்கமாக 1989இல் கொத்மலையில் ஒரு சிறு வானொலி நிலையம் அமைந்தது. 1998இல் யுனெஸ்கோவின் ஆதரவுடன் அந்நிலையத்துக்கு இணைய இணைப்பு வழங்கப்பட்டது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்களுக்கு இணைய வசதி ஏற்படுத்தப்பட்டது.

அங்கு கையாளப்பட்ட முறை எளியது. நேயர்கள் தம் வினாக்களை நிலையத்துக்கு அனுப்பினர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடினார்; ஆங்கிலத்தில் இருந்ததை, துறை அறிந்த ஒருவரின் துணையோடு நேயரின் மொழியில் ஒலிபரப்பிலேயே விளக்கினார். கணினியைக் கண்ணாற் காணாத உழவரும் இவ்வாறு இணையத்தின் பயனாளராயினர். ஒருவர் வாசிக்க ஊர் கேட்ட வாசிகசாலையின் மரபே இங்கு வானலையில் மறுபிறப்பெடுத்தது எனின் மிகையாகாது.

இம்முயற்சி உலகின் கவனத்தைப் பெற்றது. பிறநாடுகளிற் சமுதாயப் பல்லூடக நிலையங்கள் எழுவதற்கு முன்மாதிரியாகவும் கொள்ளப்பட்டது. எனினும் அதன் எல்லையும் கருதத்தக்கது. ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்கள மொழியிலேயே அமைந்தது. சுற்றியுள்ள தோட்டங்களிலோ தமிழ் பேசும் தொழிலாளரும் வாழ்கின்றனர். பேணுநர் எம்மொழியிற் பேசுகின்றார் என்பது, யார் அவ்வூரினுள் அடங்குவர், யார் வாயிலில் நிற்பர் என்பதையும் வரையறுத்துவிடுகின்றது.

வலைப்பதிவும் ஆழிப்பேரலையும்

இணையத்தில் நாட்குறிப்புப்போலத் தொடர்ந்து எழுதிவரும் வழக்கத்துக்கு 1997 திசெம்பரில் ஜோன் பார்ஜர் இட்ட பெயரே பின்னர் ‘புளொக்’ எனக் குறுகிற்று. தமிழில் அது வலைப்பதிவு ஆயிற்று. 1999 ஓகஸ்டில் வெளிவந்த புளொக்கர் என்னும் சேவை, கணினி நுட்பம் அறியாதோரும் எழுதி வெளியிட வழிசெய்தது. வலைப்பதிவு ஒவ்வொன்றும் ஒருவரின் வீட்டுத் திண்ணையை ஒத்தது. உரிமை வீட்டுக்காரருடையது, வழிப்போக்கரும் அமர்ந்து மறுமொழி கூறலாம்.

இத்திண்ணைகள் எத்துணை வலிமை பெறக்கூடும் என்பது 2004 திசெம்பர் 26ஆம் நாளின் பின்னர் வெளிப்பட்டது. இலங்கையில் மாத்திரம் 30,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஆழிப்பேரலையை அடுத்து, மும்பாயைச் சேர்ந்த வலைப்பதிவர் சிலர் உடனடியாகவே ஒரு கூட்டு வலைப்பதிவைத் தொடங்கினர். காணாமற்போனோர், தேவைப்படும் பொருள்கள், உதவி நிலையங்கள் எனச் செய்திகள் வகுக்கப்பட்டன. இலங்கைக் கரையோரத்தில் நின்ற ஒருவர் கைத்தொலைபேசியிலிருந்து அனுப்பிய குறுஞ்செய்திகள் இந்தியாவிலிருந்த நண்பரால் அதிலே பதியப்பட்டன. பல நாடுகளிலிருந்த தொண்டர்கள் முறைவைத்து அதனைக் காத்தனர். கொழும்பிலோ கணினி வல்லுநர் ஒன்றுகூடி, காணாமற்போனோரையும் நிவாரணத்தையும் பதிவுசெய்யும் சகானா என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். அது பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. கரையில் நின்று கண்டு கூறியவரும் தொலைவிலிருந்து தொகுத்தவரும் ஒருவரின்றி மற்றவர் பயன்பட்டிருக்க முடியாது.

தமிழ்த் திண்ணைகள்

தமிழில் வலைப்பதிவுகள் 2003இல் தோன்றலாயின. அதற்கு முன்னர் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தமையால், ஒன்றை வாசிக்க முடிந்தவர் மற்றொன்றை வாசிக்க முடியாதிருந்தார். யுனிகோட் முறை பரவியதும், எ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் கிடைத்ததும் இத்தடையை நீக்கின. ஆயினும் சிதறிக்கிடந்த திண்ணைகள் ஒரு தெருவாக அமைய மற்றொன்றுந் தேவைப்பட்டது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி அப்பணியைச் செய்தது. எங்கெங்கோ எழுதப்பட்ட புதிய பதிவுகளையும் மறுமொழிகளையும் அது ஒரே முகப்பிற் காட்டிற்று. கொழும்பும் சென்னையும் ரொறன்ரோவும் ஒரே தெருவிலே அயல்வீடுகளாயின. தெருவில் நிகழும் பூசல்களும் அங்கே நிகழாமலில்லை.

ஈழத்தவரைப் பொறுத்தவரையில் இத்தெருவுக்குத் தனியொரு பொருளுண்டு. போரினால் ஊரைவிட்டு நீங்கியோர் வலையிலே நாடியது பெரும்பாலும் தம் ஊரையே. சிட்னியில் வாழும் கானா பிரபா, இணுவிலிலுள்ள கோயிலடியின் பெயரால் ‘மடத்துவாசல் பிள்ளையாரடி’ எனத் தம் வலைப்பதிவுக்குப் பெயரிட்டமை இதற்குத் தக்க சான்றாகும். கூடிப்பேசும் இடம் கோயிலடியே என்னும் பழைய உணர்வு, ஆயிரக்கணக்கான மைல் கடந்தும் பெயராக எஞ்சிநின்றது. 2005இல் தோன்றிய நூலகம் திட்டமோ அவ்வுணர்வைச் செயலாக்கிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட நினைவை உடைய சமுதாயமொன்று, தன் நூல்களையும் இதழ்களையும் சிறு வெளியீடுகளையும் மின்வடிவிற் காக்க முற்பட்டது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் மலர்களும் அதிலே இடம்பெற்றுள்ளன. ஊரிலே ஒருவர் பழம்பெட்டியைத் திறந்து நூலை எடுத்துக்கொடுத்தாலன்றி உலகம் முழுவதும் அதனை வாசித்தல் இயலாது.

2009 மே மாதத்திற் போர் முடிவுற்றது. அவ்வாண்டு ஓகஸ்டிலே இலங்கைத் தமிழ் வலைப்பதிவர் கொழும்பிற் கூடினர். புனைபெயரால் மாத்திரம் ஒருவரையொருவர் அறிந்திருந்தோர் அன்று முகம் பார்த்துப் பேசினர். பெயரை மறைத்து எழுதவேண்டிய காலத்திலே வளர்ந்த நட்பு ஒரு மண்டபத்தில் முகம் பெற்றது என்பது சிறு நிகழ்ச்சியன்று.

பேணுநர் அற்ற வலை

2006 செப்ரெம்பரில் யாவர்க்கும் திறக்கப்பட்ட பேஸ்புக், அடுத்த சில ஆண்டுகளில் வலைப்பதிவர் பலரைத் தன்பால் ஈர்த்தது. எழுதுவது மேலும் எளிதாயிற்று; வாசிப்போர் தொகை பெருகிற்று. ஆனால் யாருடைய சொல் யாருக்கு முதலிற் காட்டப்படவேண்டும் என்பதைத் திரட்டி நடத்திய தமிழரோ பலகை நடத்திய அயலவரோ தீர்மானிக்கவில்லை. தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணிப்புமுறை தீர்மானித்தது. இடத்தின் உரிமையாளர் விரும்பியபோது இடமே மறைந்தது. இலட்சக்கணக்கானோர் பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிற்றீஸ் 2009இலும், பலர் உறவாடிய ஓர்குட் 2014இலும் மூடப்பட்டன.

இழப்பு பதிவுகளோடு நின்றுவிடவில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையிலும் அயலூர்களிலும் முஸ்லிம் மக்களுக்கெதிராக வன்செயல் மூண்டபோது, பகைமையைத் தூண்டும் சொற்கள் பேஸ்புக் வழியாகப் பரவின. அத்தகைய பதிவுகள் பற்றி இலங்கையின் சமூக அமைப்புகள் பலமுறை முறையிட்டிருந்தும், சிங்களம் அறிந்த போதிய கண்காணிப்பாளர் அந்நிறுவனத்தில் இருக்கவில்லை. அரசாங்கம் சமூக வலைத்தளங்களைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. 2020இல் அந்நிறுவனம் தனது தளம் தீயவழியிற் பயன்படுத்தப்பட்டமைக்கு வருத்தந் தெரிவித்தது. பேர்க்லியின் படிக்கட்டில் ஒரேயொரு பொறிக்கு ஒருவர் காவலிருந்தார். இங்கோ ஒரு நாட்டின் பேச்சு முழுவதும் கூடிய வெளியில் அதன் மொழியறிந்த காவலர் போதியளவு இருக்கவில்லை. அயலவரைப் பிணைக்கக்கூடிய அதே கருவி அயலவர் வீட்டுக்குத் தீ மூட்டவும் துணைசெய்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் புலனாகின்றன. முதலாவதாக, கணினிவழி உறவு ஊருறவுக்கு மாற்றாக எழுந்ததன்று. பேர்க்லி தொடக்கம் கொழும்புவரை அது ஊரிலிருந்தே நம்பிக்கையைக் கடன்பெற்று வளர்ந்துள்ளது. இரண்டாவதாக, அக்கடனைத் திருப்பிச் செலுத்திய முயற்சிகளே மக்களுக்குப் பயன் விளைத்தன. மூன்றாவதாக, பொறி பழுதடைந்தமையினும் பேணுநருக்கு ஆதரவு அற்றுப்போனமையே பல சமுதாயங்கள் கலைந்தமைக்குக் காரணமாயிற்று. அம்ஸ்ரடாமில் இணைப்புகள் பெருகிய காலத்திலேயே நகரம் கலைந்தமை இதனை உணர்த்தும்.

பேணுநரின் பணி பெரும்பாலும் ஊதியமற்றது, புகழும் அற்றது. வந்தவரை வரவேற்றல், மொழிபெயர்த்தல், சச்சரவு தீர்த்தல், பழையவற்றை அழியாது வைத்தல் என்பன அதன் கூறுகள். பல மொழி பேசுவோர் ஒரே வளாகத்தில் வாழும் பல்கலைக்கழகங்கள் இப்பணிக்குப் பயிற்சிக்களமாக அமையக்கூடியன. மொழியறிவும் வரலாற்றறிவும் உடைய மாணவர் அப்பணியை ஏற்பாராயின், வலை ஊருக்குப் பகையாகாது. அவர் ஏலாவிடின் அவ்விடம் வெறுமையாயிராது. அயலவரை அறியாத கணிப்புமுறை ஒன்று அதனை நிரப்பிக்கொள்ளும்.